ஒரு சொம்பு வெந்நீர்

வேலிக்கு அந்தப் பக்கம் பிலோமினாவின் தலை தெரிந்ததுமே செங்கமலத்துக்கு மத்தியானம் சாப்பிட்ட சோறு நெஞ்சில் வந்து நின்றது. தலை என்றால் முழுத் தலைகூட இல்லை, குளிருக்குக் கட்டியிருந்த சிவப்பு ஸ்கார்ப் மட்டும். விறகுக் கொட்டகைக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவில் அது போவதும் வருவதுமாக இருந்தது. திருடி. வாய்விட்டுச் சொல்லவில்லை, மனசுக்குள்தான். ஆனால் ஒன்றரை வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை ஆற்றுக் கல் மாதிரி வழவழப்பாகிவிட்டது, இப்போதெல்லாம் கூப்பிடாமலே வருகிறது. பல் விளக்கும்போது வருகிறது, சாமி கும்பிடும்போது வருகிறது. திருடி. போகட்டும், வேலையைப் பார்ப்போம், மணி மூன்று ஆகிவிட்டது. வானத்தில் மருந்துக்கும் ஒரு மேகம் கிடையாது. ஊட்டியில் தை மாசம் வானம் இப்படிக் கழுவிவிட்டது போலக் கிடந்தால் விடியற்காலையில் உறைபனி விழும் என்று அர்த்தம், புல்லெல்லாம் உப்பு கொட்டினது போலாகிவிடும், வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி கட்டும். அதற்குள் ஐந்து தொட்டியையும் மூடியாக வேண்டும். மிலாறு இரண்டு கட்டு வாங்கி வைத்தாயிற்று. காட்டில் வெட்டுகிற குத்துச்செடி அது, இலையும் குச்சியுமாகத் தொட்டிமேல் கவிழ்த்தால் பனி அதன் மேலே விழும், அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். முதலில் வெந்நீர், அப்புறம் மிலாறு. வெந்நீர்ச் சொம்பு கல்மேல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

ஐந்து தொட்டியையும் புதிதாக ஒருத்தர் பார்த்தால் எதற்கு இந்தப் பொம்பளை வெறும் மண்ணுக்குப் போர்வை போர்த்துகிறாள் என்றுதான் நினைப்பார்கள். வெறும் மண்தான் தெரியும், நடுவில் போன வருஷத்துத் தண்டின் காய்ந்த குச்சி. அடியில் லில்லிக் கிழங்கு தூங்குகிறது. பங்குனியில் மூக்கை நீட்டும், ஆடியில் இடுப்பளவு நிற்கும், ஆரஞ்சு நிறத்தில் இதழைப் பின்னால் சுருட்டிக்கொண்டு மேலெல்லாம் கறுப்புப் புள்ளியோடு பூக்கும். அந்தப் பூவையாவது கடையில் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இந்தச் செடியின் விசேஷம் பூவில் இல்லை. ஒவ்வொரு இலைக்கும் தண்டுக்கும் நடுவில், இடுக்கில், மிளகு மாதிரி ஒரு கறுப்பு மணி உட்கார்ந்திருக்கும். விதை இல்லை அது, குட்டிக் கிழங்கு. ஆவணியில் முற்றி, தொட்டால் உதிரும், உதிர்ந்த இடத்தில் வேர் விடும், ஆனால் பூக்க மூன்று வருஷமாகும். அவள் புருஷன் ஆறுச்சாமி ஒரு பங்களாவில் இருபத்திரண்டு வருஷம் தோட்ட வேலை பார்த்தவன். அந்த பங்களாவம்மா காய்ந்த இலையைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டாள். ஒருநாள் சாயங்காலம் டிபன் டப்பாவின் மேல் தட்டில் ஈரத்துணியில் சுற்றி எட்டு மணி கொண்டுவந்தான். திருட்டுச் சாமானா என்று இவள் கேட்டதற்கு, கிள்ளவில்லை, உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கினேன், உதிர்ந்தது யாருக்கும் சொந்தமில்லை என்றான். அவ்வளவு நியாயம் பார்க்கிற மனுஷன். அப்பேர்ப்பட்டவன் செத்த ஈரம் காய்வதற்குள் இந்த பிலோமினா வந்து, உதிர்ந்ததைக்கூட இல்லை, நிற்கிற செடியில் கையை வைத்து மொத்தத்தையும் உருவிக்கொண்டு போய்விட்டாள்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனியில் அவன் போனான், பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்து போனான். ஆவணியில் மகள் வந்து, தனியாகக் கிடக்காதேம்மா என்று திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இருபது நாள்தான். திரும்பி வந்து கேட்டைத் திறந்தால் ஐந்து தொட்டியிலும் தண்டு நிற்கிறது, இலை நிற்கிறது, மணி ஒன்றுகூட இல்லை, ஒரு கணு விடாமல் வழித்திருக்கிறது. அதெல்லாம் அவன் கை பட்ட செடி. அவன் உரம் வைத்து, அவன் குச்சி நட்டுக் கட்டிவிட்ட செடியில் வந்த கடைசி மணிகள். அடுத்த வருஷம் வருவது வேறே, அது அவன் கை படாதது. யாருடி எடுத்தது என்று தெருவே கேட்கக் கத்தினாள். பிலோமினா கதவைத் திறந்து வந்து, ஒளிக்காமல் மறைக்காமல், நான்தாங்க்கா எடுத்தேன் என்றாள். ஏண்டி கேட்கவில்லை என்றதற்கு, கேட்டு வாங்கினா வளராதுங்க்கா, திருடி வெச்சாத்தானே செடி தழைக்கும்பாங்க என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு. அதைத்தான் ஒன்றரை வருஷமாக மென்றுகொண்டிருக்கிறாள், விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. இருபது வருஷப் பழக்கம், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, கிறிஸ்துமஸ் கேக்கும் பொங்கல் கரும்பும் வேலிமேல் கைமாறின பழக்கம், அந்தச் சிரிப்போடு முடிந்தது. துரோகி சிரிக்கும்போது பல் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது. சரி, நீ திருடி, நானும் சும்மா இருக்க மாட்டேன் என்று போன ஆவணியில் மணி முற்றுவதற்கு முன்னாலேயே, பச்சையாக இருக்கும்போதே, இவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கிள்ளி அடுப்பில் போட்டாள். படபடவென்று வெடித்தது. யாருக்கும் கிடைக்கக் கூடாது. தீபாவளிக்கு முன்னால் வேலி முழுக்க முள் அடைத்து, முள்கம்பி இரண்டு வரிசை இழுத்து, கேட்டுக்கு ஆமைப்பூட்டு போட்டாள். சாவி இடுப்பில். தூங்கும்போதும் இடுப்பில்.

முதல் தொட்டி. வெந்நீர் சரியான சூட்டில் இருக்கிறதா என்று புறங்கையில் விட்டுப் பார்த்தாள். லாண்டரிக்காரிக்குத் தண்ணீர்ச் சூடு தெரியாதா. பத்தொன்பது வருஷமாக ஹாஸ்டல் பிள்ளைகளின் போர்வையும் ஸ்வெட்டரும் துவைக்கிறாள், கம்பளிக்கு என்ன சூடு, பருத்திக்கு என்ன சூடு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். பனிக்காலத்தில் பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகள் ஊருக்குப் போய்விடும், லாண்டரி மூடிக் கிடக்கும், இவள் வீட்டில் இருப்பாள். அப்படி இருந்த ஒரு பனிக்காலத்தில்தான், லில்லி நன்றாகப் பூத்து அடங்கின அந்த வருஷத்துத் தையில், இந்தத் தொட்டிகளைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. செத்துப் போனது மாதிரி கிடக்கிறதே, ஒரு வாய் தண்ணீர் வேண்டாமா. ஆறுச்சாமியிடம் கேட்டாள். தூங்குறது தண்ணி கேக்காது, மாசி முடியட்டும் என்றான். ஒரே தடவைதான் சொன்னான். தோட்டக்காரனுக்குச் செடி தெரியும், சரி, குளிர் தெரியுமா. குளிரில் நடுங்குகிறவளுக்கு அல்லவா குளிர் தெரியும். அவன் பங்களாவிலிருந்து வர ஐந்தரை ஆகும். செவ்வாய் வெள்ளி மூன்று மணிக்கு ஒரு சொம்பு வெந்நீர் வைத்து, தொட்டிக்கு ஒரு மடக்காக, ஐந்துக்கும் ஊற்றிவிட்டுச் சொம்பைக் கவிழ்த்துவிடுவாள். ரகசியம். புருஷனுக்குத் தெரியாமல் அவள் செய்த ஒரே காரியம் அதுதான். பங்குனியில் பார்த்தால் ஐந்து தொட்டியிலும் முளை, கொழுகொழுவென்று, குழந்தை விரல் மாதிரி. அவன் என்ன சொன்னால் என்ன. இவள் கை ராசி. அந்த வருஷத்திலிருந்து இது ஒன்பதாவது பனிக்காலம், ஒரு வருஷம் பொய்த்தது கிடையாது. லாண்டரியில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள், என் கையால் ஊற்றினால் பட்டதும் துளிர்க்கும் என்று. அவனிடமும் சொல்லுவாள், வெந்நீரைச் சொல்லாமல் ராசியை மட்டும் சொல்லுவாள், பாத்தீங்களா, என் கைராசி என்று. ஆமா என்பான். பீடியை இழுத்துக்கொண்டு, முளையைப் பார்த்துக்கொண்டு, ஆமா, ஆமா.

அவன் போன பிறகும் பொய்க்கவில்லை, அதுதான் விஷயம். போன பங்குனியில் முளை வந்தபோது தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதாள். அவன் இல்லாமலும் வந்துவிட்டதே, அப்படியானால் அவன் இருந்தபோதும் இந்தக் கைதானே என்று ஒரு பெருமை, அந்தப் பெருமை வந்ததற்காக அவன்மேல் ஒரு இரக்கம், இரக்கப்பட்டதற்காகத் தன்மேல் ஒரு எரிச்சல். மனசு இருக்கிறதே, அது ஒரு இடத்தில் கட்டிப்போட்ட மாடு, எவ்வளவு சுற்றினாலும் முளைக்குச்சிக்குத்தான் வந்து நிற்கும். இப்போது அந்தச் சிவப்பு ஸ்கார்ப் வேலிக்கு அந்தப் பக்கம் பாடுகிறது. கிறிஸ்துமஸ் முடிந்து நாலு வாரம் ஆகியும் மாட்டுத் தொழுவப் பாட்டு. ஊரான் வீட்டுச் செடியை மொட்டையடித்தவளுக்கு என்ன பாட்டு வேண்டியிருக்கிறது. அவளும் மிலாறு வாங்கியிருக்கிறாள், காலையில் ஆட்டோவில் நாலு கட்டு இறங்கினதை ஜன்னல் வழியாகப் பார்த்தாயிற்று. நாலு கட்டு எதற்கு. அவள் வீட்டு முன்னால் இரண்டு ஜெரேனியம், அதற்கு நாலு கட்டா. அப்படியானால் கொட்டகைக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறாள், அவன் மணிகளை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வரிசை வரிசையாக. வளர்ந்திருக்கும். ஒன்றரை வருஷத்துக்குப் பூண்டுப் பல் அளவு வந்திருக்கும். அடுத்த ஆடியிலோ அதற்கடுத்த ஆடியிலோ பூத்து, அவள் மாதா கோயில் பீடத்தில் கொண்டுபோய் வைப்பாள், யார் வளர்த்தது என்று ஃபாதர் கேட்பார், நான்தாங்க ஃபாதர் என்று அதே சிரிப்பைச் சிரிப்பாள். செங்கமலம் வெந்நீர் இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுவிட்டு, மூன்றாவது தொட்டியைச் சுவரோரம் நகர்த்தத் தூக்கியிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டு அடுத்த சரணத்துக்குப் போனது. அவள் தொட்டியை வைக்கவில்லை, அடித்தாள். கல்லில் பட்டு மண்தொட்டி இரண்டாகப் பிளந்துகொண்டது.

முதலில் நாற்றம்தான் வந்தது. அழுகின வெங்காய மூட்டையைப் பிரித்தது மாதிரி. மண் கறுப்பாக, சேறாக, உருண்டையாக வெளியே வந்தது, நடுவில் கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒன்று. விரலை வைத்தாள், விரல் உள்ளே போய்விட்டது. அப்புறம் முதல் தொட்டியின் மண்ணைக் கையால் தோண்டினாள், நகக்கண்ணெல்லாம் சேறு, அதுவும் சளி மாதிரி. இரண்டாவது, அதே. நாலாவது, அதே. ஐந்தாவதில் கிழங்கு முழுசாக இருந்தது, அப்பாடா என்று எடுத்தாள், அழுத்தினால் பக்கத்தில் தண்ணீர் கசிந்தது. ஐந்தும் போயிற்று. வீட்டில் அவன் விட்டுப் போனது என்று ஒரு பீடிக்கட்டும் ஒரு கம்பளிக் குல்லாவும் இந்த ஐந்தும்தான், குல்லாவைப் பூச்சி அரித்துவிட்டது, பீடியை இவளே ஒருநாள் ஆத்திரத்தில் சாக்கடையில் போட்டாள், ஐந்தும் போயிற்று. கைராசி எங்கே போயிற்று என்று யோசிப்பதற்கு முன்னால் மனசு நேராக வேலிக்குத் தாவியது. அவள்தான். ஏதோ ஊற்றியிருக்கிறாள். உப்புத் தண்ணீர், ஆசிட், ஏதோ ஒன்று. மணியைத் திருடினது போதாதென்று தாயையும் கொன்றுவிட்டாள், இனிமேல் இந்தத் தெருவில் அவள் வீட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று. ஆனால் கேட்டில் பூட்டு இருக்கிறதே. வேலியில் முள் இருக்கிறதே. எப்படி வந்தாள். அது அங்கேயே சிக்கியது, முள்ளில் மாட்டின சேலை மாதிரி. சிக்கினால் சிக்கட்டும், ஆத்திரக்காரிக்குக் கணக்கு எதற்கு. ஒரு அழுகல் கிழங்கைக் கையில் எடுத்துக்கொண்டாள், பூட்டைத் திறந்தாள், திரும்பப் பூட்டக்கூட இல்லை. சொம்பு கல்மேல் இருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் நினைத்தது போலவேதான். கறுப்புப் பிளாஸ்டிக் பைகள், மண் நிரப்பி, வரிசையாக. தகரக் கூரையின் நீட்டத்துக்கு அடியில், மழையும் படாமல், காலை வெயில் நேராகவும் அடிக்காமல். ஒரு வரிசைக்கு மேல் மிலாறு போட்டாயிற்று, மறுவரிசைக்கு பிலோமினா போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரிசைக்கு இடம் மட்டும் இருந்தது, பை இல்லை, தரை கூட்டிச் சுத்தமாகக் கிடந்தது. பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள், நேற்றுத்தான் பேசி விட்டுப் போனவளைப் பார்க்கிற மாதிரி.

“வாங்க்கா.”

“என்னடி ஊத்துன?”

பிலோமினா கிட்டே வந்து இவள் உள்ளங்கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தாள், முகர்ந்தாள். “அடடா,” என்றாள். “இந்த வருஷம் இத்தனை சீக்கிரமா போயிருச்சா. மாசியிலதானே பாப்போம்.”

“யாருடி பாப்போம்? எதைடி பாப்போம்?”

பிலோமினாவுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். ஸ்கார்ப்பை அவிழ்த்து, திரும்பக் கட்டிக்கொண்டாள். அதற்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்தாள் என்று தெரியவில்லை. கோழி ஒன்று நடுவில் வந்து நின்று இரண்டு பேரையும் பார்த்தது.

“எத்தனைக்கா போச்சு?”

“அஞ்சும்.”

“அஞ்சுமா. அண்ணன் இருக்கும்போதுகூட மூணு போகும், ஒரு வருஷம் நாலு. அஞ்சும் போனதில்ல.” அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அக்கா, தூங்குற கிழங்குக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுங்க்கா. அழுகிரும். வெந்நியோ பச்சத் தண்ணியோ, அழுகிரும்.”

வெந்நீர் என்று அவள் சொன்னது செங்கமலத்தின் காதில் தனியாக விழுந்தது. வெந்நீர் இவளுக்கு எப்படித் தெரியும். அது யாருக்கும் தெரியாதே, சுவருக்குக்கூடத் தெரியாதே. பிலோமினா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனாள், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கத் தைரியம் வராது என்கிற மாதிரி. அண்ணனுக்கு முதல் வருஷமே தெரியும், தொட்டிக்கு அடியில் ஈரத்தைப் பார்த்துவிட்டார். அந்த மாசியில் அக்கா கடைக்குப் போன நேரத்தில் தோண்டிப் பார்த்தால் மூன்று கிழங்கு அழுகியிருந்தது. பங்களாவிலிருந்து வேறே மூன்று கிழங்கு கொண்டுவந்து வைத்து மண்ணை மூடினார். எத்தனை வருஷம் பங்களாவில் எடுக்க முடியும் என்று அந்த வருஷமே இங்கே கேட்டார், பிலோமி, உன் கொட்டகைக்குப் பின்னாடி எனக்கு மூணு வரிசை இடம் கொடு என்று. வருஷா வருஷம் ஆவணியில் மணி பொறுக்கி ஒரு வரிசை, அதற்கு முந்தின வருஷத்தது ஒரு வரிசை, பூக்கத் தயாரானது ஒரு வரிசை. அது தயாராகிற வரைக்கும் இன்னும் இரண்டு மாசி பங்களாக் கிழங்குதான். மாசி பிறந்ததும் அழுகினதை எடுத்துவிட்டுத் தயாரானதை வைப்பார். “அண்ணன் ஏழு வருஷம் மாத்துனாங்க்கா. போன மாசியில நீங்க லாண்டரிக்குப் போன நேரம் பார்த்து நான் நாலு மாத்துனேன். இந்த வருஷம் நீங்க முள்ளு வெச்சு பூட்டு போட்டுட்டீங்க. எப்படி ஏறிக் குதிக்கிறதுன்னு பொங்கல்லேர்ந்து யோசிச்சிட்டிருக்கேன். முட்டிவலி வேற.”

செங்கமலம் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஏழும் ஒன்றும் எட்டு. எட்டுப் பங்குனி. எட்டு வருஷம் தொட்டிக்கு முன்னால் நின்று என் கைராசி என் கைராசி என்று சொன்னதெல்லாம் வரிசையாக வந்து நின்றது, ஒவ்வொன்றுக்கும் அவன் சொன்ன ஆமாவோடு. பீடியை இழுத்துக்கொண்டு ஆமா. வாயில் சிரிப்புக்கூட இல்லாமல் ஆமா. பாவி. உள்ளுக்குள் எப்படிச் சிரித்திருப்பான். இல்லை, சிரித்திருக்க மாட்டான், அது இன்னும் மோசம், சிரித்திருந்தால்கூட மன்னிக்கலாம். நான் என்ன கைக்குழந்தையா, செத்த கிளியை மாற்றி வேறு கிளியைக் கூண்டில் வைத்து ஏமாற்றுவதற்கு. லாண்டரியில் பன்னிரண்டு பேர், அவர்களுக்கெல்லாம் சொன்னேனே.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அந்த மனுஷன்? ஊத்தாதேன்னு சொன்னா நான் என்ன ஊத்தியிருப்பேனா?”

“நானும் கேட்டேங்க்கா. பகலெல்லாம் பங்களாவுல அந்தம்மாகிட்ட அதைச் செய்யாதே இதைத் தொடாதேன்னு கேட்டுட்டு வர்றேன், வீட்டுக்கு வந்து நானும் ஒருத்திகிட்ட அதையே சொல்லணுமா பிலோமின்னாங்க. கிழங்குதானே, மாத்திக்கலாம்னாங்க.”

“மணியை நீ உருவுனதும் அவரு சொல்லித்தானா?”

“ஆஸ்பத்திரியில வெச்சு சொன்னாங்க. ஆவணியில எடுத்து நட்டுரு, விட்டா அவ எடுத்து வெச்சு அதுக்கும் வெந்நி ஊத்துவான்னாங்க. அக்கா கேட்டா என்ன சொல்றதுன்னேன். திருடி வெச்சாத்தான் வளரும்னு சொல்லிரு, கோபப்படுவா, கோபப்பட்டா தேவலைன்னாங்க.” பிலோமினா மூக்கை ஸ்கார்ப் நுனியில் துடைத்தாள். “ஒன்றரை வருஷமா நீங்க என்னென்ன பேசுனீங்க. ஒருநாள் எம் புள்ளைங்களைக்கூட இழுத்துப் பேசுனீங்க. அன்னிக்குச் சொல்லிரலாம்னு வேலி வரைக்கும் வந்தேன். அப்புறம் எப்படிங்க்கா சொல்றது, உங்க புருசன் உங்க கையை நம்பலைன்னு.”

மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும், அது செங்கமலத்துக்குத் தெரிந்தது, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதற்கும் முன்னால் கோபம் வந்து வழியை அடைத்துக்கொண்டது, இத்தனை நாள் பிலோமினாமேல் இருந்த கோபம் வீடு மாறிப் போக அவசரப்படுகிறது, சட்டி பானை எல்லாம் தூக்கிக்கொண்டு அவன் வாசலில் போய் நிற்கிறது, அவனோ இல்லை. இருக்கிறவன் மேல் கோபப்படலாம். மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளலாம், சோற்றைத் தட்டில் அடித்து வைக்கலாம். அவன் என்னடா என்றால் சாகும்போதுகூட என்ன கோபம் வர வேண்டும், யார்மேல் வர வேண்டும் என்று பாத்தி கட்டிவிட்டுப் போயிருக்கிறான். கூட்டிப் பெருக்கிய அந்தக் காலியிடத்துக்குக் கண் போயிற்று. மூன்றாவது வரிசை.

“அது ஏன் சும்மா கிடக்கு?”

“போன ஆவணிது வர வேண்டிய இடங்க்கா. வந்து பாத்தேன் வேலிகிட்ட. தண்டுல ஒண்ணுமே இல்ல.”

படபடவென்று அடுப்பில் வெடித்த சத்தம் கேட்டது. அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், இன்றைக்கு எல்லாரும் எல்லாவற்றையும் சொல்கிற நாள்தானே, ஆனால் சொல்லவில்லை. பிலோமினா முதல் வரிசையில் மிலாறை விலக்கி ஐந்து பையை எடுத்து ஒரு பேசினில் வைத்தாள். ஒரு பையில் மண்ணை லேசாக ஒதுக்கிக் காட்டினாள், வெள்ளைவெளேரென்று, செதில் செதிலாக, பெரிய வெங்காயம் அளவுக்குக் கிழங்கு, கெட்டியாக. “இது அண்ணன் கையால நட்ட கடைசி வரிசைங்க்கா. இதுல ஆறு தேறுச்சு. ஒண்ணு நான் வெச்சுக்கறேன்.” ஒன்றை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறாள். செங்கமலம் பேசினைத் தூக்கிக்கொண்டாள். கேட்டு வாங்கினா வளராதுன்னியே என்று ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லத் தோன்றியது, சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டாள். பிலோமினா, பரவாயில்லைங்க்கா, நீங்க எதுவும் கேக்கலையே என்றாள். பேசினோடு நாலடி நடந்தபின் பின்னால் குரல் வந்தது, தயங்கித் தயங்கி, “அக்கா, தண்ணி மட்டும்…” செங்கமலம் திரும்பாமலே, “தெரியும்டி,” என்றாள். அதை அவள் கடுமையாகத்தான் சொன்னாள், ஆனால் ஒன்றரை வருஷத்தில் அவளிடம் பேசிய வார்த்தைகளில் அதுதான் கொஞ்சம் தேவலை.

கேட் திறந்தே கிடந்தது. மலைமுகட்டில் வெயில் மஞ்சளாகிவிட்டது, நிழலில் கால் வைத்தால் குளிர் செருப்பைத் தாண்டி ஏறியது. ஐந்து பையையும் வீட்டுச் சுவரோரம், ஓடு நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில், பிலோமினா வைத்திருந்த மாதிரியே வரிசையாக வைத்தாள். மண் உலர்ந்து பொலபொலவென்றிருந்தது. தொட்டால் கை தண்ணீரைத் தேடுகிறது, எட்டு வருஷக் கை, அதற்கு யார் சொல்லிப் புரிய வைப்பது. இரண்டு கட்டு மிலாறையும் பிரித்து, நிதானமாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடினாள். இனிமேல் அழுகினால் மாற்றி வைக்க ஆள் இல்லை. இருக்கிறாள், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், முட்டிவலியோடு இருக்கிறாள். நாளைக்கு அந்த முள்கம்பியை அவிழ்க்க வேண்டும். கட்டும்போது நல்ல முறுக்கு முறுக்கினாள், அவிழ்க்கக் குறடு வேண்டும், குறடும் பிலோமினா வீட்டில்தான் இருக்கிறது. அதை நினைத்தாலும் கோபம் வந்தது. எதை எடுத்தாலும் அவன் எங்கேயோ ஒரு முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறான். மனுஷனா அவன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏண்டி கூறுகெட்டவளே எதுக்குடி ஊத்தித் தொலைக்கிறே என்று கத்தியிருந்தால், இவள் திருப்பிக் கத்தியிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார்கள், மூன்றாம் நாள் சரியாகியிருக்கும், எல்லா வீட்டிலும் நடக்கிற மாதிரி. அதற்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆமா கிடைத்தது. எட்டு வருஷம் ஆமா.

திரும்பினபோது சொம்பு கண்ணில் பட்டது. கல்மேல் வைத்தது வைத்தபடி. ஆவி போய்விட்டது, தொட்டால் பச்சைத் தண்ணீராகச் சில்லிட்டது. வெள்ளிக்கிழமைத் தண்ணீர். எடுத்தாள். கால் தானாகச் சுவரோரம் போயிற்று, மிலாறுக்கு முன்னால் போய் நின்றது, கை சாய்ந்தது, விளிம்பு வரைக்கும் தண்ணீர் வந்தது. அங்கேயே பிடித்து நிறுத்தினாள். வாசலில் கொட்டலாம், செருப்பைக் கழுவலாம். அதற்கெல்லாம் வைத்த தண்ணீர் இல்லை இது. அப்படியே சொம்போடு முற்றத்துக்கு வந்தாள். தோண்டிப் போட்ட நாலு தொட்டியும் சேறாக வாய் பிளந்து கிடந்தன, உடைந்தது இரண்டு சில்லாகக் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மடக்கு, எப்போதும் போல, அளவு தவறாமல், முதலாவதிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தாள். உடைந்த தொட்டிக்கும் ஊற்றினாள், தண்ணீர் நிற்காமல் கல்லில் ஓடி மண்ணுக்குள் போயிற்று. கடைசிச் சொட்டு வரைக்கும் சொம்பைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

“இந்தா, குடி,” என்றாள். “இப்ப சொல்லு ஆமான்னு.”